ஆர்.எம்.எஸ்.இ. ஒன்றை வைத்து எந்த டி.இ.எம். நல்லது என்று முடிவு செய்யலாமா?

உங்கள் கேள்வி இது: நாகப்பட்டினம் பக்கம் கடைமடைக் கிராமங்களில் எங்கெல்லாம் வெள்ளம் தேங்கும் என்று வரைபடம் போட வேண்டும். அதற்காக எஸ்.ஆர்.டி.எம்., கார்ட்டோடெம், கோப்பர்நிக்கஸ் ஜி.எல்.ஓ.-30 என்று மூன்று இலவச டி.இ.எம். (நிலத்தின் உயரத்தைக் கட்டம் கட்டமாகச் சொல்லும் எண் வரைபடம்) இறக்கி வைத்திருக்கிறீர்கள். சாலையோரமாக 25 இடங்களில் டி.ஜி.பி.எஸ். என்ற துல்லிய ஜி.பி.எஸ். கருவியை வைத்து, கடல்மட்டத்திலிருந்து உயரம் கணக்கிட்டு ஒப்பிட்டுப் பார்த்தீர்கள். ஆர்.எம்.எஸ்.இ., அதாவது வேறுபாடுகளை வர்க்கப்படுத்திச் சராசரி எடுத்து வர்க்கமூலம் கண்ட பிழை அளவு, முறையே 3.9, 90.4, 2.1 மீட்டர் வந்தது. "கோப்பர்நிக்கஸ்தான் சிறந்தது, கார்ட்டோடெம் பயன்படாது என்று எழுதிவிடலாமா?" என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு எழுத வேண்டாம். களத்துக்குப் போய் 25 புள்ளி எடுத்தது பெரிய வேலை, பலர் அதைக்கூடச் செய்வதில்லை. ஆனால் இந்த மூன்று எண்களில் ஒன்றுகூட நீங்கள் நினைக்கும் விஷயத்தைச் சொல்லவில்லை.

90 மீட்டரில் ஆரம்பிப்போம். அந்த அளவைப் பார்த்தவுடனே, கார்ட்டோடெம்மில் பிழை இல்லை, உயரம் தொடங்கும் இடம்தான் வேறு என்று சொல்லிவிடலாம். கார்ட்டோசாட்-1 செயற்கைக்கோள் 2005 மே மாதம் ஏவப்பட்டது. முன்பக்கம் 26 பாகை, பின்பக்கம் 5 பாகை சாய்ந்த இரண்டு கேமராக்கள் ஒரே நிலத்தை இரு கோணத்தில் படமெடுத்தன. அந்த ஜோடிப் படங்களிலிருந்து கணக்கிட்டு வந்ததுதான் இஸ்ரோவின் புவன் தளத்தில் கிடைக்கும் கார்ட்டோடெம். அதன் உயரங்கள் டபிள்யூ.ஜி.எஸ்.-84 எலிப்சாய்டிலிருந்து அளந்தவை. எலிப்சாய்டு என்பது கணக்குக்காக வைத்துக்கொண்ட வழவழப்பான முட்டை வடிவம். கடல்மட்டத்தைப் பின்பற்றுவது ஜியாய்டு. இரண்டுக்கும் உள்ள இடைவெளி இடத்துக்கு இடம் மாறும், உலகத்திலேயே அது மிக ஆழமாக இறங்கும் இடம் நம் பக்கத்தில்தான் இருக்கிறது. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் ஜியாய்டு எலிப்சாய்டுக்கு 100 மீட்டருக்கும் கீழே போகிறது. அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் தமிழ்நாட்டுக் கடற்கரை முழுவதும் கிடக்கிறது. சென்னையில் எண்பது மீட்டருக்கு மேல், நாகப்பட்டினத்தில் தொண்ணூறை ஒட்டி. ஆகவே கடல்மட்டத்துக்கு இரண்டு மீட்டர் மேலே இருக்கும் வயல், கார்ட்டோடெம்மில் மைனஸ் எண்பத்தெட்டு என்று வருவதுதான் சரி. அந்த இடைவெளியைத் திருத்திய பிறகு வரும் ஆர்.எம்.எஸ்.இ.-ஐத்தான் மற்ற இரண்டோடு பக்கத்தில் வைக்க வேண்டும்.

மற்ற இரண்டுக்கும்கூட அடிமட்டம் ஒன்றல்ல. எஸ்.ஆர்.டி.எம். பயன்படுத்துவது இ.ஜி.எம்.-96 ஜியாய்டு. கோப்பர்நிக்கஸ் பயன்படுத்துவது இ.ஜி.எம்.-2008. உங்கள் டி.ஜி.பி.எஸ். உயரத்தை மென்பொருள் எந்த ஜியாய்டு வைத்துக் கடல்மட்டத்துக்கு மாற்றியது என்று பாருங்கள். அப்புறம் இன்னொரு படி இருக்கிறது. இந்திய சர்வே துறையின் பெஞ்ச்மார்க்குகள் (உயரம் அளந்து பதித்த குறிகள்) இந்த உலக ஜியாய்டுகளைச் சார்ந்தவை அல்ல. 1909-இல் ஒன்பது துறைமுகங்களின் அலைமானிப் பதிவுகளை வைத்துச் சராசரிக் கடல்மட்டத்தை நிர்ணயித்து, அங்கிருந்து லெவல் எடுத்து நாடு முழுக்கக் கொண்டுபோன வலையமைப்பு அது. அந்த ஒன்பதில் சென்னை ஒன்று, உங்கள் நாகப்பட்டினமும் ஒன்று. அந்த மட்டத்துக்கும் இ.ஜி.எம்.-2008-க்கும் நடுவே சில பத்து சென்டிமீட்டர் வேறுபாடு வரலாம். மலைப்பகுதியில் இதைக் கண்டுகொள்ள வேண்டியதில்லை. கடைமடையில் அரை மீட்டர் என்பது வயல் மூழ்குவதற்கும் மூழ்காததற்கும் உள்ள வித்தியாசம். 25 புள்ளிகளில் ஒன்றிரண்டையாவது அந்தத் துறையின் உண்மையான ஜி.டி.எஸ். பெஞ்ச்மார்க்கோடு ஆட்டோ லெவல் (உயர வித்தியாசம் அளக்கும் கருவி) வைத்து இணைத்துவிடுங்கள்.

"உண்மையான" என்று சொல்லக் காரணம் உண்டு. நான் வேலைக்கு வந்த புதிதில் ஓர் ஏரிக்கரை சர்வேயில், கலுங்கின் மேல் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருந்த ஆர்.எல்.-ஐ (உயர அளவை) அப்படியே எடுத்துக்கொண்டேன். கணக்கு பொருந்தவில்லை. டி.இ.எம்.தான் தவறு என்று அறிக்கையே எழுதி முடித்துவிட்டோம். பிறகு விசாரித்தால், ஏதோ ஒரு பழைய வேலையில் ஒரு கல்லுக்கு 100.000 என்று தற்காலிகமாக வைத்துக்கொண்ட டி.பி.எம்.-இலிருந்து வந்த எண் அது. கடல்மட்டத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அந்த அறிக்கையைத் திரும்ப வாங்கித் திருத்த வேண்டி வந்தது.

ஓர் ஏரிக்கு நடந்தது இது. ஒரு நாட்டுக்கே நடந்த கதையும் இருக்கிறது. வியட்நாமின் மீகாங் டெல்டா கடல்மட்டத்திலிருந்து சராசரியாக 2.6 மீட்டர் உயரத்தில் இருப்பதாக எஸ்.ஆர்.டி.எம்.-ஐ வைத்து நெடுங்காலம் கணக்குப் போட்டு வந்தார்கள். 2019-இல் மின்டர்ஹூட் என்ற நெதர்லாந்து ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் வியட்நாமின் நிலவரைபடங்களில் இருந்த தரை அளவீடுகளை எடுத்து, உள்ளூர்க் கடல்மட்டத்தோடு சரியாகப் பொருத்தி, புதிய மாதிரி ஒன்றைக் கட்டினார்கள். சராசரி உயரம் சுமார் 0.8 மீட்டர்தான் வந்தது. கடல்மட்டம் உயர்ந்தால் எத்தனை பேர் இடம்பெயர வேண்டியிருக்கும் என்ற கணக்கெல்லாம் அதனால் தலைகீழானது. விண்ணிலிருந்து அளந்த ரேடார் செய்த பிழை கொஞ்சம்தான். அடிமட்டத்தைச் சரிபார்க்காமல், ரேடார் கண்ட மரத்தையும் வீட்டையும் தரை என்று எடுத்துக்கொண்டதுதான் பெரிய பிழை. காவிரி டெல்டாவில் வேலை செய்பவர்கள் எல்லாரும் அந்த ஆய்வைப் படிக்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

மரம், வீடு என்றேனே, அதுதான் அடுத்தது. எஸ்.ஆர்.டி.எம். என்பது 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் பறந்து எடுத்தது. விண்கலத்திலிருந்து 60 மீட்டர் நீளக் கம்பத்தை நீட்டி, அதன் நுனியில் இரண்டாவது ஆண்டெனாவை வைத்து, இரண்டு ரேடார் பதிவுகளின் வித்தியாசத்திலிருந்து உயரத்தைக் கணக்கிட்டார்கள். அந்த ரேடாரின் அலைநீளம் சுமார் 5.6 சென்டிமீட்டர். தென்னந்தோப்பின் மேல் அது பட்டால் மட்டைகளுக்குள் கொஞ்சம் இறங்கும், தரை வரை போகாது. கோப்பர்நிக்கஸ் டி.இ.எம். வந்தது டான்டெம்-எக்ஸ் என்ற ஜெர்மன் ரேடார் இணையிலிருந்து. அதன் அலைநீளம் 3 சென்டிமீட்டர் சொச்சம், அது இன்னும் மேலேயே நின்றுவிடும். கார்ட்டோடெம் கேமராப் படம், அது பார்ப்பது மர உச்சியைத்தான். மூன்றுமே தரையின் உயரத்தைத் தரவில்லை, மேற்பரப்பின் உயரத்தைத் தருகின்றன. நீங்கள் டி.ஜி.பி.எஸ். கம்பத்தை ஊன்றியதோ தரையில்.

உங்கள் கடற்கரையை நினைத்துப் பாருங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரமாக நீள நீளமாகச் சவுக்கு நட்டார்கள். 2000-இல் பறந்த எஸ்.ஆர்.டி.எம். அந்தத் தோப்புகளைப் பார்த்திருக்காது. 2011 முதல் 2015 வரை தரவு சேர்த்த டான்டெம்-எக்ஸ் பார்த்திருக்கும். இரண்டையும் கழித்தால் கரையோரம் ஐந்தாறு மீட்டர் வேறுபாடு வரலாம், அது பிழை அல்ல, வளர்ந்த சவுக்கு. ஆனால் அதைத் தரை என்று நம்பி வெள்ள மாதிரியை ஓட்டினால், கடலுக்கும் ஊருக்கும் நடுவே மதில் எழுப்பியது போல ஆகிவிடும். கணினியில் கடல்நீர் உள்ளே வராது. உள்ளே பெய்த மழையும் வெளியே போகாது. ஏரி, குளங்களுக்குள் அடர்ந்த சீமைக்கருவேலும் இதே வேலையைச் செய்யும்: பள்ளமான ஏரி மேடாகத் தெரியும். கோப்பர்நிக்கஸிலிருந்து மரத்தையும் கட்டடத்தையும் இயந்திரக் கற்றல் வழியாகக் கழித்து, பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் 2022-இல் ஃபேப்டெம் என்று ஒன்றை வெளியிட்டிருக்கிறார்கள். அதையும் நான்காவதாகச் சேர்த்துச் சோதியுங்கள். ஆனால் கழித்தது சரியாகக் கழிந்ததா என்று உங்கள் ஊர்த் தோப்பில் நின்று அளந்துதான் சொல்ல முடியும்.

இப்போது உங்கள் 25 புள்ளிகளுக்கு வருகிறேன். எல்லாமே சாலையோரம் என்கிறீர்கள். வண்டி போகும், வானம் திறந்திருக்கும், சிக்னல் நன்றாகக் கிடைக்கும், எல்லாரும் அங்கேதான் எடுக்கிறார்கள். அதில் உள்ள சிக்கலை ஒரே ஒரு பிக்சலை வைத்துக் காட்டுகிறேன்.

டி.இ.எம்.-இன் ஒரு பிக்சல் 30-க்கு 30 மீட்டர், அதாவது 900 சதுர மீட்டர். அதன் குறுக்கே 7 மீட்டர் அகலச் சாலை போகிறது என்று வைத்துக்கொள்வோம், 210 சதுர மீட்டர். மீதி 690 சதுர மீட்டர் வயல். டெல்டாவில் சாலைகளை மண் கொட்டி உயர்த்தித்தான் போடுவார்கள், வயலைவிட ஒன்றரை மீட்டர் உயரம் என்று கொள்வோம். பிக்சலின் சராசரி உயரம் வயலிலிருந்து வெறும் 35 சென்டிமீட்டர்தான் மேலே வரும். டி.இ.எம். அதைத் துளிப் பிழையில்லாமல் சொன்னாலும், சாலை நடுவே நிற்கும் உங்கள் டி.ஜி.பி.எஸ். "1.15 மீட்டர் குறைவாகக் காட்டுகிறது" என்று குற்றம் சாட்டும். இன்னும் மோசம் என்னவென்றால், அதே டி.இ.எம். வயல்வெளியில் உண்மையாகவே ஒரு மீட்டர் அதிகமாகக் காட்டிக்கொண்டிருந்தால், சாலையில் இந்த இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். "பிழையே இல்லை" என்று முடிவு வரும். வயலில் தண்ணீர் நிற்குமா என்று கேட்கும் உங்களுக்கு அந்த முடிவு எதற்கும் உதவாது.

அதனால் வயலுக்குள் இறங்குங்கள். அறுவடை முடிந்த வயல் நல்லது, கம்பம் சேற்றில் இறங்காது. வரப்பின் மேல் வைக்காதீர்கள். வரப்பை விட்டுப் பத்துப் பதினைந்து மீட்டர் உள்ளே, சுற்றிலும் ஒரே மட்டமாக இருக்கும் இடத்தில் வையுங்கள். முடிந்தால் ஒரு பிக்சலுக்குள்ளேயே நான்கைந்து இடத்தில் எடுத்துச் சராசரி போடுங்கள், அதுதான் பிக்சலோடு நியாயமாக ஒப்பிடக்கூடிய எண். அப்புறம் தோப்புக்குள் சில, ஊருக்குள் தெருவில் சில, உப்பளத்தில் சில. மரத்தடியில் டி.ஜி.பி.எஸ். சரியாகப் பிடிக்காது. தோப்புக்கு வெளியே திறந்தவெளியில் ஒரு புள்ளி போட்டுவிட்டு, அங்கிருந்து ஆட்டோ லெவலும் ஸ்டாஃபும் (அளவு குறித்த கம்பு) வைத்து உள்ளே உயரத்தைக் கொண்டுபோங்கள். பழைய முறை, ஆனால் தோப்புக்குள் அதை மிஞ்ச எதுவும் இல்லை. கைபேசி ஜி.பி.எஸ். உயரத்தை மட்டும் தொடவே தொடாதீர்கள். எதைச் சோதிக்கிறோமோ அதைவிடச் சோதிக்கும் கருவி குறைந்தது மூன்று மடங்காவது துல்லியமாக இருக்க வேண்டும்.

எத்தனை புள்ளி என்றால், அமெரிக்க ஒளிப்பட அளவையியல் சங்கமான ஏ.எஸ்.பி.ஆர்.எஸ்.-இன் 2023 பதிப்புத் தரநிலை குறைந்தது 30 கேட்கிறது. பழைய தரநிலைகளில் 20 என்று இருந்தது. 20 புள்ளியில் கணக்கிட்ட சிதறலிலேயே ஏறத்தாழ 16 சதவீதம் நிச்சயமின்மை இருக்கும். அந்த நிலையில் 2.1-க்கும் 2.3-க்கும் வித்தியாசம் பார்ப்பதில் பொருள் இல்லை.

சரி, எண்களுக்குள் போவோம். கணக்கு புரிவதற்காக நானே போட்டுக்கொண்ட பத்து வேறுபாடுகள் இவை, டி.இ.எம். உயரத்திலிருந்து தரை உயரத்தைக் கழித்தது, மீட்டரில்: வயல்வெளியில் ஏழு புள்ளி, 0.6, 0.9, 0.4, 1.1, 0.7, 0.8, 0.5. சவுக்குத் தோப்பில் இரண்டு, 6.2, 7.1. வீடுகளுக்கு நடுவே ஒன்று, 3.4. மொத்தமாகப் போட்டால் ஆர்.எம்.எஸ்.இ. 3.2 மீட்டர். இதைப் பார்க்கிறவர் "மூன்று மீட்டர் பிழை உள்ள டி.இ.எம்., டெல்டாவுக்கு ஆகாது" என்று தூக்கிப் போட்டுவிடுவார்.

வயல்வெளி ஏழை மட்டும் எடுங்கள். ஆர்.எம்.எஸ்.இ. 0.75. அதிலும் சராசரிப் பிழை 0.71, அதாவது எல்லா இடத்திலும் ஒரே பக்கமாக ஏறத்தாழ எழுபது சென்டிமீட்டர் உயர்த்திக் காட்டுகிறது. அதைக் கழித்துவிட்டால் மிச்சமிருக்கும் சிதறல் இருபது சென்டிமீட்டர் சொச்சம்தான். ஆர்.எம்.எஸ்.இ.-இன் வர்க்கம் என்பது சராசரிப் பிழையின் வர்க்கமும் சிதறலின் வர்க்கமும் சேர்ந்தது. முதல் பகுதியை ஒரே கழித்தலில் திருத்திவிடலாம். இரண்டாவதுதான் டி.இ.எம்.-இன் உண்மையான தரம். இந்த இரண்டையும் பிரிக்காமல் ஆர்.எம்.எஸ்.இ. மட்டும் எழுதும் கட்டுரைகளை இன்றைக்கும் பார்க்கிறேன், வருத்தமாக இருக்கிறது.

பத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டுமானால் இடைநிலை அளவை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணை, எடுங்கள்: 0.85. அதிலிருந்து ஒவ்வொன்றும் எவ்வளவு விலகுகிறது என்று குறியில்லாமல் எழுதி, அந்த விலகல்களுக்கும் இடைநிலை கண்டால் 0.30. அதை 1.4826-ஆல் பெருக்கினால் 0.44. இதற்கு என்.எம்.ஏ.டி. என்று பெயர். பிழைகள் மணி வடிவப் பரவலில் இருந்தால் இது சிதறலைச் சொல்லும் திட்ட விலக்கத்துக்குச் சமமாக வரும். இல்லையென்றால், தோப்பிலும் வீடுகளுக்கு நடுவிலும் எடுத்த மூன்று புள்ளிகள் போய் மொத்தக் கணக்கையும் இழுத்துக்கொண்டு போகாமல் காக்கும். உங்கள் 25 வேறுபாடுகளையும் முதலில் ஒரு ஹிஸ்டோகிராம் (எந்த அளவில் எத்தனை புள்ளி என்று காட்டும் பட்டைப்படம்) போட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் நீண்ட வால் இருந்தால், ஆர்.எம்.எஸ்.இ.-ஐ 1.96-ஆல் பெருக்கி "95 சதவீத நம்பகத்தன்மை" என்று எழுத உங்களுக்கு உரிமை இல்லை.

கடைமடைக்கே உரிய இன்னொரு கஷ்டம் உண்டு. அங்கே ஒரு கிலோமீட்டருக்கு அரை மீட்டர் இறக்கம் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு பிக்சலிலிருந்து அடுத்த பிக்சலுக்கு இறங்குவது ஒன்றரை சென்டிமீட்டர். பரவலாகக் கிடைக்கும் எஸ்.ஆர்.டி.எம். கோப்போ உயரத்தை முழு மீட்டராகத்தான் சேமிக்கிறது. 2 மீட்டரிலிருந்து 1 மீட்டருக்கு மாற இரண்டு கிலோமீட்டர், அதாவது சுமார் 67 பிக்சல் ஆகும். நடுவே எல்லாம் தட்டை, அதன் மேல் ஒன்றிரண்டு மீட்டர் இரைச்சல் (தற்செயலான ஏற்ற இறக்கம்). அதில் நீரோட்டத் திசை கணக்கிடச் சொன்னால் கணினி வாய்க்கால்களைத் தன் இஷ்டத்துக்கு வரையும். பயன்பாட்டை வைத்துச் சோதிக்க இது நல்ல வழி: டி.இ.எம். வரைந்த நீர்வழியை, தரையில் இருக்கும் ஆறு, வடிகால், வாய்க்காலோடு மேலே வைத்துப் பாருங்கள். எத்தனை மீட்டர் விலகுகிறது என்று அளந்து அதையும் முடிவில் சேருங்கள். ஆர்.எம்.எஸ்.இ. குறைவாக உள்ள மாதிரி இதில் தோற்பதுண்டு. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளின் உயர வித்தியாசம் சரியாக இருந்தால் போதும், நீர் சரியான பக்கம் ஓடும். மொத்தமாக 70 சென்டிமீட்டர் தூக்கியிருப்பது ஓட்டத்தைக் கெடுக்காது. கடல் எவ்வளவு தூரம் உள்ளே வரும் என்ற கணக்கைத்தான் கெடுக்கும்.

மலைப்பகுதியில் வேலை செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே அடிமட்டத்தைவிடக் கிடைமட்ட நகர்வுதான் எதிரி. 30 பாகைச் சரிவில் டி.இ.எம். பத்து மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்திருந்தால் உயரத்தில் 5.8 மீட்டர் பிழை வரும், மலையின் ஒரு பக்கம் கூட, மறுபக்கம் குறைய. இரண்டு டி.இ.எம்.-ஐக் கழித்து வரும் வேறுபாட்டு வரைபடத்தில் நீலமும் சிவப்பும் சரிவின் திசைக்கேற்ப மாறி மாறித் தெரிந்தால், முதலில் இரண்டையும் ஒன்றோடொன்று நகர்த்திப் பொருத்திவிட்டுத்தான் துல்லியம் பேச வேண்டும். உங்கள் டெல்டாவில் இந்தத் தொல்லை இல்லை.

களப்புள்ளிகள் போதாது என்று தோன்றினால் நாசாவின் ஐஸ்சாட்-2 செயற்கைக்கோள் தரவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 2018 செப்டம்பரில் ஏவப்பட்டது, பச்சை நிற லேசரால் பாதை நெடுக 70 சென்டிமீட்டருக்கு ஒரு துடிப்பு வீதம் அளக்கிறது. இலவசம். தோப்புகளின் இடைவெளி வழியே தரையைத் தொடுவதால் சவுக்குக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதற்கு நல்ல சாட்சி. அதன் உயரமும் எலிப்சாய்டிலிருந்து அளந்ததுதான், மாற்ற மறக்காதீர்கள்.

கடைசியாக, வரைபடம். வயல்வெளியில் ஆர்.எம்.எஸ்.இ. 0.75 என்றே வந்து, அந்தச் சராசரிப் பிழையைத் திருத்தாமல் விட்டீர்கள் என்றால், 95 சதவீத எல்லை ஒன்றரை மீட்டர். அதில் அரை மீட்டர் வெள்ளத்துக்கு ஒரு கோடு போட்டு "இந்தப் பக்கம் மூழ்கும், அந்தப் பக்கம் மூழ்காது" என்று காட்டினால், அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் வீடு உள்ளவர்களுக்குத் தவறான தைரியத்தையோ தவறான பயத்தையோ கொடுத்துவிடுவீர்கள். சராசரிப் பிழையைத் திருத்திவிட்டு, மிஞ்சும் சிதறலை வைத்து ஒவ்வொரு பிக்சலும் மூழ்க எத்தனை சதவீத வாய்ப்பு என்று நிறம் பிரித்துக் காட்டுங்கள்.

ஆய்வறிக்கையில், "கோப்பர்நிக்கஸ் சிறந்தது" என்ற வரிக்குப் பதிலாக இப்படி ஒரு அட்டவணை வரட்டும்: வயல், தோப்பு, குடியிருப்பு, உப்பளம் என்று நான்கு வரிசை. ஒவ்வொன்றிலும் எத்தனை புள்ளி, சராசரிப் பிழை, திட்ட விலக்கம், இடைநிலை, என்.எம்.ஏ.டி. அடியில் எந்த ஜியாய்டு, எந்த பெஞ்ச்மார்க், எந்த மாதம் அளந்தது என்று ஒரு குறிப்பு. கார்ட்டோடெம்மையும் ஜியாய்டு திருத்தி அதே அட்டவணையில் சேருங்கள். அப்புறம் அந்த வேறுபாடுகளின் கோப்பை எனக்கு அனுப்பினால், உட்கார்ந்து சேர்ந்தே பார்க்கலாம்.